ஓர்ட்டிஸை விட்டார்கள், சந்தானாவை வைத்துக்கொண்டார்கள்

1999 டிசம்பரில் மினசோட்டா ட்வின்ஸ் என்ற பேஸ்பால் அணி, வேறோர் அணி பாதுகாக்காமல் விட்டிருந்த 20 வயதுப் பையன் ஒருவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. சரியாக மூன்று வருடம் கழித்து, 2002 டிசம்பர் 16 அன்று, அதே அணி 27 வயது இளைஞர் ஒருவரை, பதிலுக்கு ஒரு ஆளோ ஒரு டாலரோ வாங்காமல், வெளியே அனுப்பியது. எடுத்துக்கொள்ளப்பட்டவர் யோஹான் சந்தானா. அனுப்பப்பட்டவர் டேவிட் ஓர்ட்டிஸ். இரண்டு முடிவுகளும் ஜெனரல் மேனேஜர் டெர்ரி ரையனுடையவை. இரண்டுக்கும் பின்னணியில் இருந்ததும் ஒரே விதிதான்.

சீசன் முடிந்த பிறகு ஒரு பேஸ்பால் அணி யாரை வைத்துக்கொள்ள வேண்டும், யாரை விட வேண்டும் என்று யாராவது பேச ஆரம்பித்தால் என் மனம் நேராக இந்த இரண்டு டிசம்பர்களுக்குத்தான் போகும். மினியாபொலிஸ் பக்கம் குடிவந்த பிறகுதான் நான் இந்த ஆட்டத்தையே பார்க்க ஆரம்பித்தேன். இந்த ஊரில் கொஞ்சம் வயதானவர்களிடம் ட்வின்ஸ் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் ஓர்ட்டிஸ் பெயர் வந்துவிடும். சொந்த வீட்டுப் பிள்ளையை யாரோ ஏமாற்றிக் கூட்டிப்போன மாதிரி ஒரு குரலில் சொல்வார்கள். முதலில் எனக்கு அது புரியவில்லை. விவரம் தெரியத் தெரிய, அந்தக் குரல் எனக்கும் வந்துவிட்டது.

முதலில் இந்தக் குளிர்காலம் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஐபிஎல்லில் மெகா ஏலத்துக்கு முன்னால் ரிட்டென்ஷன் பட்டியல் வெளியாகும் மாலை நமக்கெல்லாம் தெரியும். பேஸ்பாலில் அந்த மாலை ஒன்றோடு முடியாது, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இழுத்துக்கொண்டே போகும். ஒவ்வோர் அணிக்கும் 40 பேர் கொண்ட ரோஸ்டர், அதாவது வீரர் பட்டியல், ஒன்று உண்டு. சீசனில் களமிறங்கத் தயாராக இருப்பவர்கள் இப்போது 26 பேர். 2020-க்கு முன்னால் 25. மீதி இடங்களில், பெரிய லீகுக்குக் கீழே இருக்கும் மைனர் லீகில் வளர்ந்துகொண்டிருக்கும் பையன்கள், காயத்திலிருந்து மீள்பவர்கள். 40 நிரம்பிவிட்டால் ஒருவரைச் சேர்க்க ஒருவரை வெளியே அனுப்பியாக வேண்டும். 41-வது ஆள் என்று ஒருவர் இருக்கவே முடியாது.

பெரிய லீகில் ஒரு வீரருக்குச் சுமார் மூன்று வருட சர்வீஸ் சேரும்வரை அணி கொடுப்பதுதான் சம்பளம். மூன்றிலிருந்து ஆறு வருடம் வரை ஆர்பிட்ரேஷன். அதாவது, இரண்டு தரப்பும் ஆளுக்கொரு தொகை சொல்லும். ஒத்துப்போகாவிட்டால் நடுவர் குழு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், நடுவில் ஒரு தொகை சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆறு வருடம் முடிந்தால் வீரர் ஃப்ரீ ஏஜென்ட், எங்கே வேண்டுமானாலும் போகலாம். 1975 டிசம்பரில் வந்த ஒரு நடுவர் தீர்ப்புக்கு முன்னால் இந்தக் கதவே கிடையாது. அணியாக விடும்வரை வீரர் அணிக்குச் சொந்தம். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போன கர்ட் ஃப்ளட் 1972-ல் 5-க்கு 3 என்று தோற்றார். அவர் போட்ட அடித்தளத்தில்தான் இன்றைய குளிர்காலம் நிற்கிறது.

ஆர்பிட்ரேஷனுக்குள் வந்த ஒருவருக்குச் சம்பளம் ஏறப்போகிறது என்றால், அணிக்கு இன்னொரு வழியும் உண்டு. நவம்பர் பிற்பாதியில் ஒரு நாள் மாலைக்குள் அவருக்கு அடுத்த வருட ஒப்பந்தம் தராமல் விட்டுவிடலாம். இதற்கு நான்-டெண்டர் என்று பெயர். அன்று இரவு நாடு முழுக்கப் பல பேர் வேலையில்லாதவர்கள் ஆகிறார்கள். அப்புறம் டிசம்பரில் ரூல் ஃபைவ் டிராஃப்ட். மைனர் லீகில் சில வருடம் ஆகியும் 40 பேர் பட்டியலில் சேர்க்கப்படாத பையனை மற்ற அணிகள் ஒரு சின்னக் கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். அன்று 50 ஆயிரம் டாலர், இன்று ஒரு லட்சம். ஆனால் ஒரு நிபந்தனை: எடுத்த அணி அடுத்த சீசன் முழுக்க அவரைப் பெரிய லீகிலேயே வைத்திருக்க வேண்டும். மைனர் லீகுக்கு அனுப்ப நினைத்தால் பழைய அணிக்குத் திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும்.

சந்தானா வந்தது இந்த வாசல் வழியாக. வெனிசுவேலாக்காரர், இடதுகையால் பந்து வீசும் பிட்சர், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியின் மைனர் லீகில் இருந்தார். அதுவும் பெரிய லீகுக்குப் பல படி கீழே, ஏ லெவலில். ஹூஸ்டன் அவரை 40 பேரில் சேர்க்கவில்லை. டிராஃப்டில் முதல் தேர்வு ட்வின்ஸ் கையில் இருந்தது, இரண்டாவது ஃப்ளோரிடா மார்லின்ஸ் கையில். இரண்டு அணிகளும் முன்பே பேசிவைத்திருந்தன. ட்வின்ஸ் ஜாரெட் காம்ப் என்பவரை எடுத்தது, மார்லின்ஸ் சந்தானாவை எடுத்தது, உடனே மாற்றிக்கொண்டார்கள். மார்லின்ஸ் 50 ஆயிரம் டாலரும் சேர்த்துக் கொடுத்தது. கணக்குப் பார்த்தால் சந்தானா ட்வின்ஸுக்கு இலவசம்.

இலவசமாக வந்தவரை வைத்துக்கொண்டிருப்பது சுலபமாக இல்லை. 2000-ல் அவர் 30 ஆட்டங்களில் பந்து வீசினார், 86 இன்னிங்ஸ், இஆர்ஏ 6.49. ஒன்பது இன்னிங்ஸுக்கு ஆறு ரன்னுக்கு மேல் கொடுக்கும் பிட்சரை எந்த அணியும் சாதாரணமாக ஒரு மாதம்கூடத் தாங்காது. ட்வின்ஸ் சீசன் முழுக்கத் தாங்கியது. விதி முடிந்த பிறகும் விடவில்லை. 2002 தொடக்கத்தில் அவரை, பெரிய லீகுக்கு ஒரே படி கீழே, எட்மன்டனில் இருந்த தன் டிரிபிள்-ஏ அணிக்கு அனுப்பியது. அங்கே பாபி க்வேயர் என்ற பிட்சிங் கோச், எதிரே வரும் ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு சேஞ்ச்அப்பாவது போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். வேகப்பந்து போடும் அதே கை வீச்சில் மெதுவாக வரும் பந்துதான் சேஞ்ச்அப். அடிபட்டாலும் பரவாயில்லை, போடு. மைனர் லீக் ஆட்டத்தில் தோற்றால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை, அதனால் அங்கே இப்படிச் சொல்ல முடியும். அதே வருடம் திரும்பி வந்த சந்தானாவின் இஆர்ஏ 2.99. 2004-ல் 20 வெற்றி, 265 ஸ்ட்ரைக்அவுட், லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒருமனதாக. 2006-ல் இன்னொன்று.

இதே 2002-ல்தான், இதே அணிதான், ஓர்ட்டிஸை விட்டது.

ஓர்ட்டிஸ் அப்போது யார் என்று பார்ப்பது முக்கியம். பின்னால் வந்த 541 ஹோம் ரன்னையும் (நம் சிக்ஸர் மாதிரி, பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பும் அடி) 2022-ல் கிடைத்த ஹால் ஆஃப் ஃபேம் இடத்தையும் மறந்துவிட்டுப் பார்க்க வேண்டும். டொமினிகன் குடியரசில் பிறந்தவர், சியாட்டில் அணி ஒப்பந்தம் செய்த பையன், 1996-ல் ஒரு ட்ரேடின் மிச்சக் கணக்காக மினசோட்டாவுக்கு வந்தவர். 1999-ல் கிட்டத்தட்ட முழு வருடமும் டிரிபிள்-ஏவில், சால்ட் லேக்கில். அங்கே 30 ஹோம் ரன். மேலே வந்தால் காயம். மணிக்கட்டு உடைந்தது, முழங்காலில் அறுவை சிகிச்சை. 2002 ஜனவரி 1-ஆம் தேதி அவருடைய அம்மா கார் விபத்தில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடு ஆடிய சீசனில் 125 ஆட்டம், 20 ஹோம் ரன், 75 ஆர்பிஐ (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்கள்), சராசரி .272. ட்வின்ஸில் ஆறு சீசன்களில் மொத்தம் 58 ஹோம் ரன்.

மோசம் இல்லை. ஆனால் அணியின் பக்கமிருந்து பாருங்கள். ஃபர்ஸ்ட் பேஸில் டக் மின்ட்கேவிச் இருக்கிறார், 2001-ல் கோல்ட் க்ளவ் வாங்கியவர், ஃபீல்டிங்கில் பிரமாதம். பேட்டிங் மட்டும் செய்யும் டிஎச் இடத்துக்கு மாட் லெக்ராய் இருக்கிறார். மைனர் லீகில் ஜஸ்டின் மோர்னோ வளர்ந்துகொண்டிருக்கிறார், அவரும் இடதுகை, அவரும் ஃபர்ஸ்ட் பேஸ். ஓர்ட்டிஸின் சம்பளம் 9.5 லட்சம் டாலர், ஆர்பிட்ரேஷனுக்குப் போனால் அதைப்போல் இரண்டு மடங்காகலாம். இதற்கு ஒரு வருடம் முன்னால்தான், 2001 நவம்பரில், லீகையே இரண்டு அணி குறைத்துச் சுருக்கிவிட வேண்டும் என்று முதலாளிகள் ஓட்டுப் போட்டிருந்தார்கள், மூடப்படப்போகும் அணிகளில் ஒன்றாகப் பேசப்பட்டது ட்வின்ஸ். நீதிமன்ற உத்தரவால்தான் 2002 சீசனே நடந்தது. அப்படி ஓர் அணியில் 10 லட்சம் டாலர் என்பது சாதாரணத் தொகை இல்லை. ஓர்ட்டிஸை ட்ரேடில் கொடுக்கவும் பார்த்தார்கள், யாரும் கேட்கவில்லை. அன்றைய ரூல் ஃபைவ் டிராஃப்டில் ஹோசே மோர்பான் என்ற இளம் ஷார்ட்ஸ்டாப்பை எடுத்தார்கள். அவருக்கு 40 பேரில் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் ஓர்ட்டிஸுடையது.

மோர்பான் ட்வின்ஸுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. வசந்தகாலப் பயிற்சி முடிவதற்குள் அவரையும் விட்டுவிட்டார்கள், பால்டிமோர் எடுத்துக்கொண்டது. அவர் பெரிய லீகில் ஆடியது அந்த 2003 ஒரு சீசன்தான்.

மேலே சொன்ன ஒவ்வொரு காரணமும் நியாயமான காரணம். பணம், மாற்று ஆள், வளரும் பையன், காயச் சரித்திரம் என்று ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் என்னால் மறுக்க முடியாது. டெர்ரி ரையன் பின்னாளில் இதைத் தன்னுடைய தவறு என்று வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டார். அந்த மரியாதையை நான் அவருக்குக் கொடுக்கிறேன். எனக்கு ஆறாதது வேறொன்று. ட்வின்ஸில் இருந்தபோது தன்னை எப்படி ஆடச் சொன்னார்கள் என்று ஓர்ட்டிஸ் பலமுறை பேசியிருக்கிறார். பந்தை முழு பலத்தோடு இழுத்து அடிக்காதே, எதிர்ப்பக்கம் தட்டிவிடு, ரன்னரை ஒரு பேஸ் நகர்த்து. ட்வின்ஸின் அன்றைய மைதானமான மெட்ரோடோமின் செயற்கைத் தரையில் அப்படித் தட்டிவிட்டு ஓடுகிற ஆட்டம் அந்த அணிக்குப் பலித்திருக்கிறது. 1987-லும் 1991-லும் இதே மைதானத்தில் வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதித் தொடரை ஜெயித்த அணி அது, தங்கள் வழியின் மேல் அவர்களுக்கு நம்பிக்கை இருந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஓர்ட்டிஸ் அந்த ஆட்டத்துக்குப் பிறந்தவர் இல்லை. அந்த உடம்பு, அந்த மணிக்கட்டு, அந்தத் தோள் எல்லாம் பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்புவதற்காக இருந்தவை. சால்ட் லேக்கில் அடித்த 30 ஹோம் ரன் அதைச் சொல்லியிருந்தது. அவரால் எது முடியும் என்று முழுசாக ஒரு சீசன்கூடக் கேட்டுப் பார்க்காமலேயே, அவர் இவ்வளவுதான் என்று முடிவுகட்டினார்கள். 58 ஹோம் ரன் என்ற எண்ணிக்கையில் ஓர்ட்டிஸின் பங்கு பாதி, அணி சொல்லிக்கொடுத்ததன் பங்கு பாதி. விடும்போது மட்டும் முழுக் கணக்கையும் அவர் பெயரில் எழுதினார்கள்.

சந்தானாவிடம் இதற்கு நேர் எதிர். 6.49 என்ற எண்ணைப் பார்த்து அவர்கள் முடிவெடுக்கவில்லை. இந்தப் பையனிடம் இன்னும் எது இல்லை, அதை எங்கே, யாரிடம் கற்றுக்கொள்ள முடியும் என்று கேட்டார்கள். பதில் ஒரு சேஞ்ச்அப்.

ஒரே ஆட்கள் ஏன் இரண்டு விதமாக நடந்துகொண்டார்கள்? நான் கண்டுகொண்டவரை, காரணம் வெற்றி-தோல்விக் கணக்கில் இருக்கிறது. 2000-ல் ட்வின்ஸ் 69 வெற்றி, 93 தோல்வி, கடைசி இடம். கடைசியில் இருக்கும் அணிக்கு ரன் கொடுக்கும் பிட்சர் ஒருவரைச் சீசன் முழுக்க வைத்திருப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. 2002-ல் 94 வெற்றி, டிவிஷனில் முதலிடம், 1991-க்குப் பிறகு முதல்முறையாக பிளேஆஃப், அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்று வரை. ஜெயிக்கிற அணிக்கு ஒவ்வோர் இடமும் உடனே பலன் தர வேண்டும். பொறுமை காட்டப் பட்டியலில் இடம் மிச்சம் இருக்காது. குளிர்காலப் பேச்சில் எல்லோரும் பணத்தைத்தான் பேசுகிறார்கள். கோடிகள் கண்ணுக்குத் தெரிவதால் அப்படி. என்னைக் கேட்டால் 40 என்ற எண்தான் பணத்தைவிடக் கறாரானது. பணத்தை முதலாளி மனசு வைத்தால் கூட்டலாம். 40-ஐ யாராலும் கூட்ட முடியாது.

பாஸ்டன் பக்கக் கதையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது பெரும்பாலும் ஏதோ ஞானதிருஷ்டி மாதிரி சொல்லப்படுகிறது. ஓர்ட்டிஸ் விடுவிக்கப்பட்டதும் டொமினிகனில் ஓர் உணவகத்தில் பெட்ரோ மார்ட்டினெஸைப் பார்க்கிறார், பெட்ரோ தன் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு ஃபோன் போட்டு இவரை எடுங்கள் என்கிறார். உண்மைதான். ஆனாலும் ஒப்பந்தம் கையெழுத்தாக ஜனவரி பிற்பாதி ஆனது. அதுவரை ஒரு மாதத்துக்கு மேல் எந்த அணியும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. பாஸ்டன் கொடுத்ததும் 12.5 லட்சம் டாலர்தான். 28 வயதில் ஜெனரல் மேனேஜர் ஆகியிருந்த தியோ எப்ஸ்டீன் அந்தக் குளிர்காலத்தில் ஓர்ட்டிஸை மட்டும் எடுக்கவில்லை. ஜெரமி ஜியாம்பி, கெவின் மில்லார் என்று அதே வேலைக்கு மலிவாகக் கிடைத்த பலரை வாங்கிப்போட்டார். யார் தேறுவார் என்று அவருக்கும் தெரியாது.

2003 சீசன் ஆரம்பத்தில் ஓர்ட்டிஸ் பாஸ்டனிலும் பெஞ்சில்தான் அதிகம் உட்கார்ந்திருந்தார். மே கடைசியில் ஷே ஹிலன்பிராண்டை அரிசோனாவுக்கு ட்ரேட் செய்த பிறகுதான் தினமும் ஆட இடம் கிடைத்தது. கிடைத்ததும் 31 ஹோம் ரன், 101 ஆர்பிஐ, லீகின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருது ஓட்டில் ஐந்தாவது. பாஸ்டன் அவரிடம் செய்த பெரிய வேலை இரண்டே: இடம் கொடுத்தது, உன் பலத்துக்கு அடி என்றது. மறுவருடம் அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றில் யாங்கீஸிடம் மூன்று ஆட்டம் தோற்று நின்ற நிலையில், நான்காவது ஆட்டத்தில் 12-வது இன்னிங்ஸில் ஹோம் ரன், ஐந்தாவதில் 14-வது இன்னிங்ஸில் ஒரு சிங்கிள். இரண்டும் ஆட்டத்தை முடித்த அடிகள். பாஸ்டன் 86 வருடம் காத்திருந்த வேர்ல்டு சீரிஸ் அந்த அக்டோபரில் வந்தது. அதன் கடைசி அவுட்டை ஃபர்ஸ்ட் பேஸில் நின்று பிடித்தவர் யார் தெரியுமா? டக் மின்ட்கேவிச். யாருக்கு இடம் தருவதற்காக ஓர்ட்டிஸ் போக வேண்டியிருந்ததோ, அதே மின்ட்கேவிச்சை அந்த ஜூலையில் மோர்னோவுக்காக ட்வின்ஸ் விட்டிருந்தது.

இப்படிப்பட்டவர்கள் அப்புறமும் நிறையப் பேர். ஜஸ்டின் டர்னரை நியூயார்க் மெட்ஸ் 2013 டிசம்பரில் நான்-டெண்டர் செய்தது. அந்த வருடம் 86 ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன். எந்த மூலையிலும் ஃபீல்டிங் செய்யும் உதவி ஆள் என்றுதான் அவருக்குப் பெயர். ஆனால் அந்த சீசன் முடியும் தறுவாயிலேயே, கூட ஆடிய மார்லன் பேர்ட் சொன்னதைக் கேட்டு அவர் தன் பேட்டிங்கை அடியோடு மாற்றத் தொடங்கியிருந்தார். அணி பார்த்தது பழைய டர்னரை. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அவரை மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்தது, 2014-ல் .340 சராசரியில் அடித்தார், 2017-ல் நேஷனல் லீக் இறுதிச் சுற்றின் எம்விபி விருதைப் பகிர்ந்துகொண்டார். மேக்ஸ் மன்ஸியை ஓக்லண்ட் 2017 வசந்தத்தில் விட்டது, அதே டாட்ஜர்ஸ், அதே மைனர் லீக் ஒப்பந்தம், 2018-ல் 35 ஹோம் ரன்.

டாட்ஜர்ஸ் பணக்கார அணி, அவர்களால் முடியும் என்று சொல்வார்கள். இந்த இரண்டு பேரிடமும் பணத்துக்கு வேலையே இல்லை. மைனர் லீக் ஒப்பந்தத்துக்கு 40 பேரில் இடம் தேவையில்லை என்பதுதான் விஷயம். ஜெயிக்கிற அணிக்குப் பொறுமை காட்ட இடம் இருக்காது என்று சொன்னேன் அல்லவா, அந்த இடத்தைப் பட்டியலுக்கு வெளியே உண்டாக்கிக்கொண்டார்கள். அதற்கு நல்ல கோச்சுகளும், ஒருவரை உட்காரவைத்து அவர் பேட்டிங்கை வீடியோவில் பிரித்துப் பார்க்கும் ஆர்வமும் வேண்டும். அது எந்த அணிக்கும் எட்டாதது இல்லை.

கைல் ஷ்வார்பர் விஷயம் இன்னும் வலிக்கிறது, நான் சிகாகோ கப்ஸ் ரசிகன் இல்லாவிட்டாலும். 2016 ஏப்ரலில் முழங்கால் கிழிந்து, சீசன் முழுக்க வெளியே இருந்து, வேர்ல்டு சீரிஸுக்கு மட்டும் திரும்பி வந்து .412 அடித்தவர். 108 வருடம் கழித்து அந்த அணி ஜெயித்ததில் அவருக்கு அவ்வளவு பங்கு. கொரோனா வருடமான 2020-ல் 60 ஆட்டச் சீசன், அதில் அவர் சராசரி .188. அந்த டிசம்பரில் நான்-டெண்டர். 60 ஆட்டத்தை வைத்து ஒருவரை எடைபோட முடியாது என்று பேஸ்பாலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். 162 ஆட்டம் வைத்திருப்பதே அதற்குத்தானே. பிலடெல்ஃபியாவில் அவர் 2022-ல் 46, 2023-ல் 47, 2025-ல் 56 ஹோம் ரன். இந்த விஷயத்தில் கப்ஸ் நிர்வாகத்தின் சார்பில் ஒரு வாதம்கூட எனக்குத் தோன்றவில்லை.

வைத்துக்கொள்வதிலும் ஒரு விதம் இருக்கிறது. மில்வாக்கியின் கார்பின் பர்ன்ஸ் 2021-ல் சை யங் வாங்கிய பிட்சர். 2023 பிப்ரவரியில் ஆர்பிட்ரேஷன் விசாரணைக்குப் போனார். அவர் கேட்டது 1.075 கோடி டாலர், அணி சொன்னது 1.001 கோடி. வித்தியாசம் 7.4 லட்சம் டாலர், ஒரு புது வீரரின் ஒரு வருடக் குறைந்தபட்சச் சம்பளம் அளவு. அந்த அறையில் வீரரும் உட்கார்ந்திருப்பார். அவர் எதிரிலேயே, அவருக்காகக் கைதட்டும் அதே அணியின் ஆட்கள், இவருக்கு ஏன் இவ்வளவு தரக்கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்துவைப்பார்கள். முந்தைய வருடம் பிளேஆஃப் போகாததற்குத் தன்னைக் காரணமாகக் காட்டினார்கள் என்று பர்ன்ஸ் வெளியே வந்து சொன்னார், மனது நொந்துபோனதை மறைக்கவில்லை. அணி ஜெயித்தது. ஒரு வருடத்தில் அவரைப் பால்டிமோருக்கு ட்ரேட் செய்தது. ஃப்ரீ ஏஜென்ட் ஆக ஒரே வருடம் பாக்கி இருக்கும் ஒருவரை அந்தச் சின்ன அணி எப்படியும் விற்றிருக்கும் என்பார்கள், இருக்கலாம். ஆனாலும் 7.4 லட்சம் டாலருக்காக ஒருவர் மனதில் அப்படி ஒரு கசப்பை விதைக்கத் தேவையே இல்லை.

எல்லோரையும் வைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. பால்டிமோர் 2016-ல் தன் ஹோம் ரன் நாயகன் கிறிஸ் டேவிஸை விட மனமில்லாமல் ஏழு வருடத்துக்கு 16.1 கோடி டாலர் கொடுத்து வைத்துக்கொண்டது. 2018-19-ல் அவர் தொடர்ந்து 54 அட்-பேட், அதாவது பேட் பிடித்த 54 முறை, ஒரு ஹிட்கூட இல்லாமல் தவித்ததை என்னால் பார்க்கவே முடியவில்லை. செயின்ட் லூயிஸ் 2011-ல் ஆல்பர்ட் பூஹோல்ஸை விட்டபோது அந்த ஊரே அழுதது. ஆனால் அது சரியான முடிவு. அவர் போனதற்கு ஈடாகக் கிடைத்த டிராஃப்ட் தேர்வில் எடுத்த மைக்கேல் வாக்கா 2013-ல் அணியை வேர்ல்டு சீரிஸுக்கே கூட்டிப்போனார். 30 வயது தாண்டிய பேட்டருக்குப் பத்து வருட ஒப்பந்தம் என்றால், செய்து முடித்ததற்குத் தரும் காசுதான் அது. இனி செய்யப்போவதற்கு இல்லை.

அப்படியானால் ஜோ மாவர்? இந்த ஊர்க்காரர்களிடம் இதைக் கேட்டால் இன்றைக்கும் சண்டை வரும். செயின்ட் பாலில் பிறந்து வளர்ந்த பையன், 2001 டிராஃப்டில் முதல் ஆள். பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சராக இருந்துகொண்டே மூன்று முறை அதிகச் சராசரிக்கான பேட்டிங் பட்டம், 2009-ல் எம்விபி. 2010-ல் எட்டு வருடத்துக்கு 18.4 கோடி டாலர். 2013 ஆகஸ்டில் ஒரு பந்து மாஸ்க்கில் பட்டு மூளை அதிர்ச்சி. அதோடு கேட்சர் வேலை முடிந்தது, ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போனார், பழைய பேட்டிங் திரும்பவே இல்லை. காசுக்கு ஏற்ற ஆட்டம் வரவில்லை என்று மைதானத்திலேயே கூச்சல் போட்டவர்கள் உண்டு. டேவிஸை வைத்தது தப்பு என்று சொன்ன நான், மாவரை வைத்தது சரி என்றே சொல்வேன். ட்வின்ஸ் அவரிடம் எது முடியும் என்பதை முழுசாகத் தெரிந்துகொண்டு, அதற்கு விலை கொடுத்தது. அவர் வீழ்ந்தது தலையில் பட்ட அடியால். அதை எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. 2018 செப்டம்பர் 30-ஆம் தேதி, கடைசி ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில் மாவர் கேட்சர் உடுப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஐந்து வருடம் கழித்து முதல்முறை. ஒரே ஒரு பந்தைப் பிடித்தார், உள்ளே போனார். டார்கெட் ஃபீல்டு மைதானமே எழுந்து நின்றது. 2024-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் முதல் வாய்ப்பிலேயே போனார், வேறு எந்த அணியின் சட்டையையும் போடாதவராக.

சந்தானாவை ட்வின்ஸ் 2008-ல் மெட்ஸுக்கு ட்ரேட் செய்தது. அந்தச் சம்பளத்தைக் கொடுக்க அவர்களால் முடியவில்லை. 2004 அக்டோபர் 5 அன்று யாங்கீஸை எதிர்த்து அவர் ஜெயித்துக் கொடுத்த பிளேஆஃப் ஆட்டத்துக்குப் பிறகு ட்வின்ஸ் தொடர்ச்சியாக 18 பிளேஆஃப் ஆட்டங்களில் தோற்றது. அந்த வரிசை முடிந்தது 2023 அக்டோபர் 3-ஆம் தேதி. அன்று பந்து வீசிய பாப்லோ லோபஸ், அவரும் வெனிசுவேலாக்காரர், மைதானத்துக்கு வரும்போது சந்தானாவின் பழைய ட்வின்ஸ் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்தார். லோபஸ் வந்ததும் ஒரு குளிர்கால முடிவால்தான்: 2022-ல் பேட்டிங் பட்டம் வென்ற லூயிஸ் அராயெஸை மியாமிக்குக் கொடுத்து அவரை வாங்கினார்கள். அராயெஸை விட்டதற்கு இங்கே பெரிய எதிர்ப்பு இருந்தது. எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் அந்த முடிவில் ட்வின்ஸ் தான் கொடுப்பது யாரை என்று சரியாகத் தெரிந்தே கொடுத்தது. அராயெஸை சீசன் முழுக்க ஆடவிட்டு, அவர் வழியிலேயே அடிக்கவிட்டு, பட்டம் வாங்கும்வரை பார்த்தபிறகு எடுத்த முடிவு அது.

அதனால் நவம்பரில் நான்-டெண்டர் பட்டியல் வரும் இரவு நான் சம்பள எண்ணை முதலில் பார்ப்பதில்லை. அந்தப் பையனுக்கு இந்த வருடம் எத்தனை அட்-பேட் கொடுத்தார்கள், எந்தெந்த இடத்தில் நிறுத்தினார்கள், இடதுகைப் பிட்சருக்கு எதிராக அவரை ஒருமுறையாவது தொடர்ந்து ஆடவிட்டார்களா, டிரிபிள்-ஏவில் அவர் அடித்ததற்கும் மேலே வந்து அடித்ததற்கும் நடுவே யாராவது அவர் ஸ்டான்ஸை மாற்றினார்களா என்று தேடிப் போவேன். பாதி பேருக்குப் பதில் கிடைக்கும், அவர்களை விட்டது நியாயம் என்று தோன்றும். மீதிப் பேரில் ஒன்றிரண்டு பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்வேன், பிப்ரவரியில் அவர்களை மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுப்பது யார் என்று பார்ப்பதற்காக.